சாரம் என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக அச்சகத்தில் அச்சு இயந்திரம் கிடையாது. பெயர்ப்பலகையில் மட்டும் அச்சகம் என்று இருக்கிறது. வழி தவறி கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்கு, இங்கே புத்தகம் தயாரிப்போம், அடிப்பது மண்ணூர்பேட்டையில் என்று விளக்கிச் சொல்லி அனுப்புவதும் என் வேலைகளில் ஒன்று.

முன்பு இயந்திரம் இருந்தது. அது புத்தகத்துக்காக வந்ததல்ல, கேள்வித்தாளுக்காக வந்தது. தேர்வு நெருங்கினால் அச்சிடுபவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்களாம். சாப்பாடும் ஜன்னல் வழியாகத்தான் போகுமாம். "எனக்குப் புள்ள பொறந்ததையே ஜன்னல்லதான் சொன்னாங்க" என்று அந்தக் காலத்து ஊழியர் ஒருவர் சொல்லுவார். பிறகு விடைத்தாள், சான்றிதழ், பாடப்புத்தகம் எல்லாம் வந்து, கடைசியாகத்தான் ஆராய்ச்சிப் புத்தகங்கள் வந்தன. பல்கலைக்கழகம் நகரத்துக்குள் இருக்கிறது. அச்சகத்தை மட்டும் அம்பத்தூர் பக்கம் தள்ளிவிட்டார்கள். கேள்வித்தாள் வேலை வேறு இடத்துக்குப் போயிற்று, இயந்திரமும் போயிற்று. நாலு மேஜையும் எட்டு பீரோவும் மிஞ்சின. அதில் ஒரு மேஜை என்னுடையது. மெய்ப்பு பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் வேலை.

அந்த மேஜைக்கு நான் வந்ததே ஓர் எழுத்துப்பிழையால்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, விடைத்தாள்களைக் கட்டுக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். சணல் போட்டு இறுக்கும்போது மேல்தாளில் கண் போகும். "இரண்டு பக்கங்களிலும் எழுதுக" என்று இருக்க வேண்டிய இடத்தில் "இரண்டு பக்கங்களிலும் எழுக" என்று அச்சாகியிருந்தது. ஓர் எழுத்துதான் விழுந்திருக்கிறது. ஆனால் பரீட்சை எழுத வந்த பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டது. அப்போதிருந்த அதிகாரியிடம் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "நீ ஏன்யா சணல் கட்டிக்கினு கீறே?" என்றார். அடுத்த மாதம் மேஜைக்கு மாற்றினார். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டதுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைப் பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். கூட்டத்தில் நசுங்கிய ஒரு பெண்மணி, "இங்க மூச்சு விடணும்னா கூட ரெண்டு பேரு நவுரணும்" என்றார். செல்போனில் மேலாளரைச் சமாளித்துக்கொண்டிருந்த ஒருவர், "சார், நான் வந்துட்டேன் சார், ரயில்தான் இன்னும் வரல" என்றார். இப்படி இரண்டு கோப்பு சேர்ந்திருக்கிறது. ஆகவே, மக்கள் பேச்சை வைத்து எங்கள் அச்சகம் ஒரு புத்தகம் போடப்போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வேலைக்காகக் குடிவந்த வெளியூர்க்காரர்கள் எப்படி வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று அவரவர் பேச்சிலேயே சொல்வதுதான் புத்தகம். மொழியியல் மாணவர்கள் செல்போனில் பதிவு செய்து எழுதிக் கொடுத்தார்கள். ஆளுக்கு நாலைந்து பக்கம், ஒவ்வொருவரும் புதுப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேச்சைத் திருத்தக் கூடாது, புரியாத சொல்லுக்கு மட்டும் பக்கத்தின் அடியில் பொருள் போடலாம் என்று எங்கள் இயக்குநர் சொன்னார். அவர் ஒரு பேராசிரியை. அந்த அடிக்குறிப்புகளை என்னிடம் ஒப்படைத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது, பைய என்றால் மெதுவாக. சந்தேகம் வந்தால் அந்தந்த ஊர்க்காரரைப் பிடித்துக் கேட்டேன். சந்தேகம் வராத சொற்களை யாரிடம் கேட்பது?

புத்தகம் அச்சாகி, அறுபது பிரதிகள் பேசியவர்களுக்கும் சில நூலகங்களுக்கும் போய்விட்டன. மீதி மண்ணூர்பேட்டை பைண்டிங்கில் அடுக்கி இருந்தது. வெளியீட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு பெண்கள் என் மேஜைக்கு வந்தார்கள். ஒருவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மற்றவர் அவருடைய மகள், முப்பதைத் தாண்டியவர், உதிரிபாகக் கம்பெனியின் நீலக் கோட்டுப் போட்டிருந்தார். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். கையில் எங்கள் புத்தகம்.

"இந்தக் கீழ எழுதியிருக்கறதெல்லாம் எழுதினது யாரு சார்?"

பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "நான்தாம்மா. உக்காருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

மகள் உட்காரவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அது அவருடைய அம்மா பேசிய பகுதியின் கடைசிப் பக்கம். அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் தொழிற்பேட்டையில் கூரை வேலை செய்தவர், வேலையில் விழுந்து இறந்துபோனவர். அதைப் பற்றித்தான் அந்தப் பக்கம். அதில் ஒரு வரி: "அவிய சாரம் கட்டிக்கிட்டுதான் மேல ஏறுனாவ." சாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அடியில் என் குறிப்பு: "சாரம்: உயரமான இடத்தில் நின்று வேலை செய்வதற்காக மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டப்படும் பாதுகாப்பான மேடை."

"இந்த மேடைய யாரு சார் கட்டுனது? நீங்க பாத்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை. சாரம் என்றால் அதுதானே? பூந்தமல்லி சாலை நெடுக மெட்ரோ வேலைக்குக் கட்டியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மாதான் வாய் திறந்தார். குரலில் கோபம் இல்லை. "தம்பி, எங்க ஊர்ல சாரம்னா இடுப்புல கட்டுதது."

"கைலியா?"

"கைலிதான். நீங்க லுங்கிம்பிய."

நான் அந்த வரியை மறுபடி படித்தேன். கட்டிக்கிட்டு என்று இருக்கிறது. துணியைத்தான் கட்டிக்கொள்வோம், மேடையைக் கட்டுவோம். அதையாவது பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் வந்துகினு, குந்திகினு, துன்னுகினு என்று எல்லாவற்றிலும் கினு ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்டுக் கேட்டு, கட்டிக்கிட்டு என்பதில் இருந்த கிட்டு என் காதில் உறைக்கவே இல்லை.

மகள் நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். ஷெட்டில் மழைத்தண்ணீர் ஒழுகுகிறது என்று முதலாளி ஆள் அனுப்பினார். கட்டியிருந்த கைலியோடு போனவர், அப்படியே சிமெண்ட் ஷீட் மேல் ஏறினார். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கூடக் கிடையாது. ஷீட் உடைந்தது. பின்னால் அந்தக் கம்பெனி ஒரு காகிதம் எழுதிக் கொண்டுவந்து காட்டியது. ஏறுவதற்குத் தேவையானதெல்லாம் பாதுகாப்பாகச் செய்து கொடுத்திருந்தோம், அவர்தான் கவனக்குறைவாக விழுந்துவிட்டார் என்று அதில் இருந்ததாம்.

"அவனுவ எழுதுன பொய்ய நீங்களும் எழுதிட்டியளே தம்பி" என்றார் அம்மா. "அவனுவ வெள்ளத்தாள்ல எழுதுனானுவ. நீங்க புத்தகத்துல போட்டுட்டிய."

பாதுகாப்பான என்ற சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாக்கியம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது அது.

மகள் விடவில்லை. "நான் குவாலிட்டியில கீறேன் சார். ஒரு பீசு மயிரிழை கூடிடுச்சுன்னா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவோம். நீங்க எங்கப்பா எப்படிச் செத்தாருன்றதையே மாத்திட்டு, அதை விழா வெச்சுக் குடுக்கப் போறீங்க. இன்னா சார் இது?"

மூவருமாக இயக்குநர் அறைக்குப் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார். பிறகு எங்கள் அச்சகத்தின் வழக்கத்தைச் சொன்னார். பிழை வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் பிழை, திருத்தம் என்று அச்சடித்து எல்லாப் பிரதிகளிலும் வைப்போம். அடுத்த பதிப்பில் உள்ளே சரிசெய்வோம்.

"அடுத்த பதிப்பு எப்போ மேடம்?" என்றார் மகள்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன். எங்கள் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

"அந்தச் சீட்டு ரெண்டாவது ஆளு தொறக்கும்போதே கீழ விழுந்துடும் மேடம். அப்பால அதுல சுண்டல்தான் மடிப்பாங்க" என்றார் மகள்.

இயக்குநர் யோசித்தார். "அப்படின்னா பக்கத்தையே மாத்தலாம். சாரத்தை எடுத்துட்டு நேரா கைலின்னு போட்டுடலாம். குறிப்பே வேண்டாம். யாருக்கும் குழப்பம் வராது."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மா தலையை ஆட்டினார்.

"கைலின்னு நான் சொல்லலியே."

"அர்த்தம் ஒண்ணுதானேம்மா?"

"அர்த்தம் ஒண்ணுதான். ஆனா அவிய கட்டுனது சாரம். எங்க ஊர்லருந்து வாங்கிட்டு வந்தது. கைலின்னு போட்டா வேற யாரோ விழுந்த மாதிரில்லா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொன்னத போட்டியன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

குறிப்பை மட்டும் திருத்தி, சாரம் என்றால் கைலி என்று போடலாமா என்றேன். போடலாம். ஆனால் மகளுக்கு அது போதவில்லை. மூங்கில் மேடை இல்லை என்பது அப்போதும் எங்கேயும் வராது. அன்றைக்கு ஏறுவதற்கு ஒன்றும் கட்டித்தரவில்லை என்று குறிப்பிலேயே எழுதச் சொன்னார். இயக்குநர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அடிக்குறிப்பு என்பது சொல்லுக்குப் பொருள் சொல்லத்தான், நடந்தது என்ன என்று அச்சகம் தன் குரலில் தீர்ப்பு எழுத முடியாது, பேசியவர் சொன்னதைத்தான் போட முடியும் என்றார். அதுவும் நியாயம்தான். திங்கட்கிழமை முடிவு சொல்கிறோம் என்று அவர்களை அனுப்பினோம். போகும்போது அம்மா, "வாரேன் தம்பி" என்றார். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். எல்லோரும் போன பிறகு மாணவர்களின் ஒலிப்பதிவை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். குக்கர் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, நடுவில் அம்மாவின் குரல். "அன்னைக்கு ஞாயித்துக்கெழம. சோறு தின்னுட்டு படுத்திருந்தாவ. ஷெட்டுல தண்ணி ஒழுகுதுன்னு ஆளு வந்துச்சு. அவிய சாரம் கட்டிக்கிட்டுதான் மேல ஏறுனாவ." இங்கே ஒரு மூச்சு. பிறகு, "பேண்ட்டு மாத்தக்கூட விடாம கூட்டிட்டுப் போனானுவ, ஏற ஒரு ஏணிய தவுர ஒண்ணும் கெடையாது."

கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை.

மாணவர்கள் எழுதிக்கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். அதில் இருந்தது. முதல் மெய்ப்பிலும் இருந்தது. இரண்டாவது மெய்ப்பில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் இருந்தது என் கையெழுத்து: "பக்கம் நிரம்பிவிட்டது. தொடர்பில்லாத வரி. நீக்கவும்."

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. சாரத்துக்கு நான் எழுதிய குறிப்பு இரண்டு வரி. அதைப் போட்டதும் பக்கம் பிதுங்கி, கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போயின. இரண்டு வரிக்காக ஒரு பக்கம் கூடினால் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைக்கும் கணக்கு கெட்டு, கடைசியில் வெற்றுத் தாள் தொங்கும். எதையாவது குறைக்க வேண்டியிருந்தது. மூங்கில் மேடை கட்டி ஏறினார் என்று நான் முடிவு செய்துவிட்ட பிறகு, பேண்ட், ஏணி என்று வருவதெல்லாம் வயதானவர் பேச்சு எங்கேயோ தாவுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆக, தப்பான குறிப்பு உள்ளே வந்து, உண்மையான வாக்கியத்தை வெளியே தள்ளிவிட்டது. தள்ளியது என் கை. பேச்சைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருந்தும்.

இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒலிப்பதிவை வேறு யாரும் கேட்கப்போவதில்லை. ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அன்றைக்கு யார் பேசியதும் என் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு வரி எண்ணினேன். குறிப்பு இரண்டு வரி. நீக்கியது இரண்டு வரிக்குக் கொஞ்சம் குறைவு. குறிப்பை எடுத்துவிட்டால் அந்த வாக்கியம் அதே பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்துவிட்டால் குறிப்பே தேவையில்லை. பேண்ட் மாற்ற விடவில்லை என்றால் சாரம் எது என்று எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும். ஏணி தவிர ஒன்றுமில்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அச்சகம் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை அந்தச் சிவப்பு மை மெய்ப்பை இயக்குநர் மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை நீங்க காட்டாமலே இருந்திருக்கலாம்."

"காட்டலேன்னா அந்த வரிய எங்கேருந்து கொண்டாந்தேன்னு கேப்பீங்களே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "நம்ம ஆளுங்க கேள்வித்தாளுக்குக் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தவங்க" என்றார். "ஒரு வரி வெளிய போகக் கூடாதுன்னு. இங்க நீங்க ஒரு வரிய வெளிய அனுப்பிட்டீங்க." பிறகு போனை எடுத்து மண்ணூர்பேட்டைக்குப் பேசினார். நூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு பக்கமும் உள்ள ஒரு தாளை மட்டும் புதிதாக அடித்து, பழையதை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். வியாழக்கிழமைக்குள்.

மகளுக்கு நானே போன் செய்தேன். வாக்கியத்தை வெட்டியதையும் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ தப்பு ஒண்ணு இல்ல, ரெண்டு."

"ரெண்டும் என்னுதுதாம்மா."

"ஒட்டும்போது நான் வருவேன். எங்கம்மாவும் வருவாங்க" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பைண்டிங் ஷெட்டுக்குப் போனோம். அங்கே மேற்பார்வை பார்ப்பவர் என் வயதுக்காரர், மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். நாக்கில் எப்போதும் ஒரு கேலி வைத்திருப்பார். என் கோப்பில் பாதி அவருடைய பேச்சுதான்.

"இன்னா அண்ணாத்தே, எய்த்துப் பொறுக்கறவரே எய்த்த தொலைச்சிட்டியாமே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானூத்தி நாப்பது புக்க ஆப்ரேசன் பண்ணச் சொன்னா, பேஷண்ட்டுக்கு இன்னா நோவுன்னு கேக்க மாட்டேனா?"

அவர் வேலை அழகாக இருந்தது. புத்தகத்தை விரித்து, முதுகை ஒட்டி ஒரு விரல் அகலம் மிச்சம் விட்டு, இரும்பு அடிக்கோலை அழுத்தி ஒரே இழுப்பில் பழைய தாளை வெட்டினார். மிஞ்சிய ஓரத்தில் பசையைத் தடவிப் புதுத்தாளை வைத்து நகத்தால் நீவினார். மூன்று பெண்கள் அதையே வரிசையாகச் செய்துகொண்டிருந்தார்கள். அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டிய தாள்கள் கூடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் நீலக் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். அடுக்கிலிருந்து நாலு புத்தகத்தை உருவி, பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை அளந்தார். மேற்பார்வைக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, எங்க கையில நம்பிக்கை இல்லியா?"

"உங்க கையில இருக்கு நைனா. அடுக்குலதான் இல்ல." ஐந்தாவது புத்தகத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினார். அதில் பழைய தாளே இருந்தது. மூங்கில் மேடை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

எல்லா அடுக்கையும் பிரித்து, முடிந்த ஒவ்வொரு புத்தகத்தையும் நூற்றுப் பன்னிரண்டில் திறந்து பார்த்தோம். இன்னும் மூன்று அகப்பட்டன. முடியும்போது மணி ஐந்தரை. "இந்தம்மாவ எங்க கம்பெனிக்கு அனுப்பிடு அண்ணாத்தே, இல்லன்னா நான் அவங்க கம்பெனிக்குப் போய்டறேன்" என்று மேற்பார்வைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மகள் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார்.

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "வெளிய போன புத்தகம்?" என்றார்.

அறுபது. பேசியவர்களிடம் போனதை வெள்ளிக்கிழமை விழாவுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி அங்கேயே மாற்றிக் கொடுத்தோம். நூலகங்களுக்குப் புதுத்தாளைத் தபாலில் அனுப்பி, ஒட்டிக்கொள்ளும்படி கடிதம் எழுதினோம். பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மட்டும், எங்கள் விதிப்படி இயலாது என்று பதில் வந்தது. அந்தத் தாய், மகள் வீடு மாங்காட்டில். அங்கிருந்து அந்தக் கல்லூரி கிட்டத்தில்தான். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நானும் வாரேன்" என்றார்.

நூலகர் இளைஞர், மரியாதையானவர். புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வந்து காட்டினார். உள்ளே முத்திரை, வரிசை எண், பதிவேட்டில் வரவு. "நம்பர் போட்ட புத்தகத்துல கத்தி வைக்க எனக்கு அதிகாரம் இல்ல சார். ஒரு தாள் குறைஞ்சா நான் பதில் சொல்லணும்."

"குறையாது சார், ஒண்ணு எடுத்து ஒண்ணு வெக்கப்போறோம்."

"எடுத்தாலே குறைஞ்சதுதான் சார்."

நான் இயக்குநரிடமிருந்து இன்னொரு கடிதம் வாங்கி வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கத்தி வைக்க வேண்டாம் தம்பி. அந்தப் பக்கத்த வாசிங்க."

நூலகர் வாசித்தார். சாரம் என்ற இடம் வந்ததும் கண் தானாக அடியில் போயிற்று. அதையும் வாசித்தார்.

"அது இல்ல" என்றார் அம்மா. என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். சாரம் எது என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். ஏணியைச் சொன்னார். பக்கத்து மேஜையில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் தலையைத் தூக்கினார்கள்.

நூலகர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "திருத்தம் போடலாம். அதுக்கு விதி இருக்கு" என்றார். அலுவலகப் பதிவேட்டில் தவறு வந்தால் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தார். என் குறிப்பின் மேல், படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு இழுத்து அடித்தார். பக்கத்தின் ஓரத்தில் விடுபட்ட வாக்கியத்தை, அம்மா சொல்லச் சொல்ல, சின்ன எழுத்தில் எழுதினார். கீழே சுருக்கொப்பம் இட்டு, நூலக முத்திரையை ஊதா மையில் பதித்தார்.

"என்ன எழுதியிருக்கியன்னு வாசிங்க" என்றார் அம்மா.

"பேண்ட் மாற்றக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள், ஏற ஒரு ஏணியைத் தவிர ஒன்றும் கிடையாது."

அம்மா என்னைப் பார்த்தார்.

"போனார்கள் இல்ல தம்பி. போனானுவ."

நூலகர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, போனார்கள் என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே போனானுவ என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு சுருக்கொப்பம் இட்டார்.